உணவு, வாழ்க்கைமுறை, புற்றுநோய் இடர்: விழுப்புரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உணவுப் பழக்கமும் வாழ்க்கைமுறையும் புற்றுநோய் இடரை எவ்வாறு கூட்டுகின்றன, எவ்வாறு குறைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 1990களின் இறுதியில் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களில் நடத்தப்பட்ட இறப்புக் காரண ஆய்வும், சென்னையை உள்ளடக்கிய தென்னிந்திய வாய்ப்புற்றுநோய் ஆய்வும், திண்டுக்கல் மாவட்டக் கருப்பை வாய்ப் பரிசோதனை ஆய்வும் இதற்கு அடிப்படையாக அமைகின்றன. திண்டிவனம், செஞ்சி, அனந்தபுரம் பகுதிகளின் முதன்மைப் பயிரான நிலக்கடலையில் தோன்றும் பூஞ்சை நஞ்சு தனியாக ஆராயப்படுகிறது. எந்த உணவை உண்பது என்ற வினாவோடு, அவ்வுணவு எவ்வாறு உலர்த்தப்பட்டது, எவ்வாறு சேமிக்கப்பட்டது, அதனுடன் வேறு எப்பழக்கம் சேர்ந்திருக்கிறது என்ற வினாக்களும் இணைய வேண்டும் என்பதைக் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புற்றுநோய், இடர், விழுப்புரம், அனந்தபுரம், நிலக்கடலை, அஃப்ளடாக்சின், புகையிலை, தாம்பூலம், உடற்பருமன்.

முன்னுரை

உணவையும் நோயையும் இணைத்துப் பார்ப்பது தமிழ் மரபிற்குப் புதியதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்று பெயர் பெற்றிருப்பினும், அதில் ஒரு மூலிகையின் பெயரோ ஒரு மருந்துச் சரக்கின் பெயரோ இடம்பெறவில்லை. அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி உண்ணும் அளவையும், முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்பதையும் பேசுகிறது. இறுதிக் குறள்களே நோயின் மூலத்தை அறிந்து மருத்துவம் செய்யும் முறையைக் கூறுகின்றன. உணவு ஒழுங்கு முதலில், நோய்க்காரணத்தை ஆராய்தல் அடுத்து என்னும் இவ்வைப்புமுறை இன்றைய பொதுநல மருத்துவத்திற்கும் பொருந்துவதாகும்.

ஆயினும் இன்று புற்றுநோய் பற்றிய பொதுப்பேச்சில் இரண்டு மிகைகள் காணப்படுகின்றன. பழந்தமிழர் உணவுக்குத் திரும்பினால் புற்றுநோய் அணுகாது என்பது ஒன்று. புற்றுநோய் தலைவிதியால் வருவது, அதற்கும் பழக்கத்திற்கும் தொடர்பில்லை என்பது மற்றொன்று. முதலாவது மிகை நோயுற்றவரைக் குற்றவாளியாக்குகிறது. சிகிச்சையைத் தள்ளிப்போடவும் செய்கிறது. இரண்டாவது மிகை தடுக்கக்கூடிய நோயையும் தடுக்காமல் விட்டுவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே சான்றுகள் காட்டும் நிலை யாது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

விழுப்புரம் மாவட்டத்தின் அனந்தபுரம் பேரூராட்சியும் அதனைச் சுற்றியுள்ள செஞ்சி, திண்டிவனம், விக்கிரவாண்டி பகுதிகளும் நெல், கரும்பு, நிலக்கடலை விளையும் நிலங்கள். கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்களும் மீன்பிடி ஊர்களும் உள்ளன. வயலும் கடலும் சார்ந்த இவ்வுணவுச் சூழல், புற்றுநோய் இடரைப் பற்றிய பொதுக் கருத்துகளை ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் பொருத்திப் பார்ப்பதற்கு ஏற்றதாக அமைகிறது.

புற்றுநோயும் இடர் என்னும் கருத்தும்

உயிரணு பிளவுறும்போது அதன் மரபுப்பொருளில் பிழைகள் தோன்றுகின்றன. பெரும்பாலான பிழைகளை உடலே திருத்திக்கொள்கிறது. திருத்தப்படாத பிழைகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து, உயிரணுவின் வளர்ச்சிக் கட்டுப்பாடு குலையும்போது புற்று உருவாகிறது. புகையிலையிலும் பூஞ்சை நஞ்சிலும் உள்ள வேதிப்பொருள்கள் மரபுப்பொருளை நேரடியாகச் சிதைக்கின்றன. உடற்பருமன் இயக்குநீர்களின் அளவை மாற்றியும், நீடித்த அழற்சியை உண்டாக்கியும் உயிரணுக்களைப் பிளவுறத் தூண்டுகிறது. சில நுண்ணுயிர்கள் நாட்பட்ட தொற்றின் வழியாக இதே விளைவைத் தருகின்றன. ஆகவே புற்றுநோய் என்பது ஒரே காரணம் கொண்ட ஒரே நோயன்று. பல காரணங்கள் பல அளவில் பங்கேற்கும் பல நோய்களின் தொகுதியாகும்.

சூழலும் பழக்கமும் ஆற்றும் பங்கை உணர்த்திய தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று குடிபெயர்ந்தோரிடமிருந்து கிடைத்தது. சப்பானிலிருந்து அவாய்த் தீவுகளுக்குக் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களிடம் இரைப்பைப் புற்றுநோய் குறைந்தது. பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்கள் மிகுந்தன. மரபு பெரிதும் மாறாத நிலையில் நோயின் வகை மாறியதற்கு வாழ்க்கைமுறையே காரணமாக இருக்க இயலும். 1981ஆம் ஆண்டில் ரிச்சர்டு டால், ரிச்சர்டு பீட்டோ ஆகியோர், அமெரிக்காவின் புற்றுநோய் இறப்புகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு புகையிலையாலும் 35 விழுக்காடு உணவாலும் நிகழ்வதாக மதிப்பிட்டனர். உணவிற்குரிய மதிப்பீடு 10 முதல் 70 விழுக்காடு வரை இருக்கலாம் என்றும் அவர்களே குறித்தனர். புகையிலை பற்றிய அறிவு உறுதியாகவும், உணவு பற்றிய அறிவு தளர்வாகவும் இருந்ததை இவ்விடைவெளி காட்டுகிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வேறுபாடு முழுமையாக நீங்கிவிடவில்லை.

பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, காரணிகளைச் சான்றின் உறுதியை வைத்து வகைப்படுத்துகிறது. புகையிலை, மது, பாக்கு, அஃப்ளடாக்சின், பதப்படுத்திய இறைச்சி ஆகிய அனைத்தும் முதல் வகையில் உள்ளன. இதனால் இவை யாவும் ஒரே அளவு தீங்கு தருவன என்று பொருளாகாது. அவை புற்றுநோயைத் தோற்றுவிப்பதற்குப் போதிய சான்று உண்டு என்பது மட்டுமே பொருள். நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது பெருங்குடல் புற்றுநோய் இடரை ஏறத்தாழ 18 விழுக்காடு கூட்டுவதாக அம்முகமை 2015இல் அறிவித்தது. ஓர் எடுத்துக்காட்டாக, 1000 பேரில் 10 பேருக்கு வரக்கூடிய ஒரு நோயின் இடர் 18 விழுக்காடு கூடினால் அது ஏறத்தாழ 12 பேருக்கு வரும். நான்கு மடங்காகக் கூடினால் 40 பேருக்கு வரும். செய்திகளில் இவ்விரண்டும் ‘புற்றுநோயை உண்டாக்கும்’ என்ற ஒரே தொடரால் சுட்டப்படுவதால் வாசகர்க்கு அளவு புலனாவதில்லை.

விழுப்புரம் சிற்றூர்களில் நிகழ்ந்த இறப்புக் காரண ஆய்வு

இந்தியச் சிற்றூர்களில் நிகழும் இறப்புகளில் பல மருத்துவரின் சான்றின்றியே பதிவாகின்றன. ‘வயோதிகம்’, ‘காய்ச்சல்’, ‘மாரடைப்பு’ போன்ற பொதுக் காரணங்களே பதிவேட்டில் இடம்பெறும். இக்குறையை நீக்குவதற்கு வே. கஜலட்சுமியும் ரிச்சர்டு பீட்டோவும் வாய்மொழி இறப்பாய்வு என்னும் முறையைத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் மேற்கொண்டனர். பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் இறந்தவரின் இல்லத்திற்குச் சென்று, அவருடைய இறுதி நோயின் அறிகுறிகளைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுவர். அவ்வறிக்கையைப் படித்து மருத்துவர்கள் காரணத்தை முடிவு செய்வர். 1995 முதல் 1997 வரை சென்னையில் நிகழ்ந்த 48,000 இறப்புகளும், 1997–98இல் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களில் நிகழ்ந்த 32,000 இறப்புகளும் இவ்வாறு ஆராயப்பட்டன. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டம் அப்போது இன்றைய கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்தது. காரணம் தெளிவற்றுப் பதிவான இறப்புகளின் பங்கு ஊரகப் பகுதியில் 41 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாகக் குறைந்தது. பதிவேட்டில் பெயரின்றிக் கிடந்த நோய்களுக்குப் பெயர் கிடைத்தது என்பது இதன் பொருளாகும்.

இத்தரவுகளின் தொடர்ச்சியாக ஆண்களின் புகைப்பழக்கம் ஆராயப்பட்டு, 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிடப்பட்டது. இறந்த ஆடவர் 43,000 பேரும், ஒப்பீட்டிற்காக 35,000 ஆடவரும் இதில் இடம்பெற்றனர். 25 முதல் 69 வயதிற்குட்பட்ட நகர்ப்புற ஆண்களில், புகைத்தவர்களின் இறப்பு வீதம் புகைக்காதவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. புற்றுநோய் இறப்பும் இரு மடங்காக இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை மூச்சுப்பாதையிலும் மேல் உணவுப்பாதையிலும் தோன்றியவை. காசநோய் இறப்போ நகர்ப்புறத்தில் 4.5 மடங்காகவும் ஊரகத்தில் 4.2 மடங்காகவும் உயர்ந்திருந்தது.

இம்முடிவுகளில் கருதத்தக்க ஒன்று உண்டு. புகைத்தல் என்றவுடன் நுரையீரல் புற்றுநோயே மேலைநாடுகளில் நினைவிற்கு வரும். தமிழ்நாட்டிலோ பீடியும் சிகரெட்டும் புற்றுநோயைக் காட்டிலும் காசநோயாலும் இதயக் குருதிக்குழாய் நோயாலும் மிகுதியான உயிர்களைக் கொண்டுசென்றன. ஒரே பழக்கம் ஒவ்வொரு நிலத்திலும் அங்கு ஏற்கெனவே உள்ள நோய்களோடு கூடி வெவ்வேறு விளைவைத் தருகிறது. வேற்று நாட்டின் புள்ளிவிவரத்தை அப்படியே பெயர்த்து இங்குப் பயன்படுத்த இயலாது என்பதற்கு விழுப்புரம் ஆய்வே சான்றாகும்.

வயது வந்தோர் புகையிலைப் பயன்பாடு குறித்த இந்திய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 2009–10இல் 16.2 விழுக்காடாக இருந்த பயன்பாடு 2016–17இல் 20.0 விழுக்காடாக உயர்ந்தது. இதே காலத்தில் நாடு முழுமைக்குமான பயன்பாடு குறைந்து 28.6 விழுக்காடானது. தமிழ்நாட்டின் அளவு நாட்டின் சராசரியைவிடக் குறைவே எனினும் அதன் போக்கு எதிர்த்திசையில் இருந்தது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை

தாம்பூலம் தமிழர் வாழ்வில் விருந்தோம்பலின் அடையாளம். திருமண உறுதியும் கோயில் வழிபாடும் வெற்றிலை பாக்கின்றி நிறைவதில்லை. இப்பண்பாட்டு மதிப்பே அதன் மருத்துவத் தீங்கைப் பேசுவதற்குத் தயக்கத்தை உண்டாக்குகிறது. தட்டில் வைத்து வழங்கும் மங்கலப் பொருளும், வயல் வேலையின்போது பசியையும் களைப்பையும் மறக்க நாள் முழுதும் கன்னத்தில் அடக்கிவைக்கும் புகையிலைக் கலவையும் ஒன்றல்ல. பின்னதே நோயின் ஊற்றாகும்.

புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் வாயின் மென்படலத்தை நேரடியாகத் தாக்குகின்றன. சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையைக் கூட்டி, பாக்கின் சேர்மங்களிலிருந்து உயிரணுக்களைச் சிதைக்கும் வினைத்திறன்மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகள் தோன்ற வழிசெய்கிறது. புகையிலை சேராத பாக்கும் தனியே புற்றுநோயைத் தோற்றுவிக்கும் என்று பன்னாட்டு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதிப்படுத்தியது. பாக்கு மெல்வோரிடம் காணப்படும் வாய்த்தசை இறுக்கம், வாய் திறக்க இயலாத நிலையில் தொடங்கிப் புற்றாக மாறக்கூடியது.

சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் ஆகிய மூன்று நகரங்களின் நோயாளர்களை வைத்து நடத்தப்பட்டு 2002இல் வெளிவந்த ஆய்வில் 591 வாய்ப்புற்று நோயாளர்களும், ஒப்பீட்டிற்காக 582 பேரும் இடம்பெற்றனர். ஆண்களின் வாய்ப்புற்றில் 49 விழுக்காடு புகையிலை சேர்ந்த தாம்பூலத்தாலும், 35 விழுக்காடு புகையும் மதுவும் இணைந்ததாலும் நிகழ்ந்ததாக மதிப்பிடப்பட்டது. பெண்களிடம் மெல்லும் பழக்கமும் வாய்த்தூய்மைக் குறைவும் சேர்ந்து 95 விழுக்காட்டை விளக்கின. புகைத்தல் ஆண்களின் பழக்கம் என்று கருதி, புகையிலைத் தீங்கையும் ஆண்களின் சிக்கலாக மட்டும் காண்பது தவறு என்பதை இம்முடிவு உணர்த்துகிறது. ஊர்ப்புறப் பாட்டிமாரின் சுருக்குப்பை புகையிலைக் கட்டுப்பாட்டு விளம்பரங்களில் இடம்பெறுவதே இல்லை.

அதே நோயாளர்களின் உணவை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, காய்கறியும் பழமும் மிகுதியாக உண்டவர்களிடம் வாய்ப்புற்று இடர் குறைந்திருந்ததைக் காட்டியது. உணவின் காப்பு உண்மையே. எனினும் புகையிலையை அடக்கிய வாயில் கீரை செய்யக்கூடிய உதவி அளவிற்குட்பட்டது.

தமிழ்நாட்டில் குட்காவும் பான்மசாலாவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013இல் தடைசெய்யப்பட்டன. சட்டத்தின் பார்வை பொட்டலங்களின் மேல் விழுந்தது. புகையிலைத் துண்டாகவும் தூளாகவும் சில்லறையில் பெறும் மரபுப் பயன்பாட்டை மாற்றுவதற்குச் சட்டத்தோடு ஊர்ச்செவிலியரின் உரையாடலும் தேவைப்படுகிறது.

நிலக்கடலையும் பூஞ்சை நஞ்சும்

தென்னார்க்காட்டு வழக்கில் நிலக்கடலை ‘மல்லாட்டை’ எனப்படும். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ இது. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் செயல்படுகிறது. டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கிய நிலக்கடலை, எள் இரகங்கள் இவ்வூரின் பெயரையே சுமந்து நாடெங்கும் சென்றன. புரதமும் நல்ல கொழுப்பும் நிறைந்த நிலக்கடலை இவ்வட்டார மக்களின் எளிய ஊட்டம். அவித்த மல்லாட்டையும் கடலை உருண்டையும் இங்குள்ள பிள்ளைகளின் மாலை உணவாகும்.

இப்பயிரின் மறுபக்கம் 1960இல் இங்கிலாந்தில் வெளிப்பட்டது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் சேர்க்கப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சையின் நஞ்சு இருந்தது கண்டறியப்பட்டது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் அப்பூஞ்சையின் பெயரிலிருந்தே அஃப்ளடாக்சின் என்ற சொல் பிறந்தது. இந்தியாவில் 1974இல் மேற்குப் பகுதிச் சிற்றூர்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டதால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 397 பேரில் 106 பேர் உயிரிழந்தனர். அது ஒரே காலத்தில் மிகுதியாக உட்கொண்டதன் விளைவு. சிறிதளவாகப் பல ஆண்டுகள் உட்கொள்வது கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. இந்நஞ்சு கல்லீரலில் மாற்றமடைந்து, புற்றைத் தடுக்கும் மரபணுவின் ஒரு குறிப்பிட்ட இடத்தையே சிதைக்கிறது. மஞ்சள் காமாலை பி தொற்றை நீண்ட நாள் தாங்கியவரிடம் இந்நஞ்சின் வலிமை 30 மடங்கு வரை மிகுவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. பிறந்த குழந்தைக்கு இடப்படும் காமாலைத் தடுப்பூசி, உணவு நஞ்சின் தீங்கையும் குறைக்கும் கேடயமாவது இதனால்தான்.

பூஞ்சை எப்போது பற்றுகிறது என்பது வட்டார வேளாண் நாள்காட்டியோடு இணைந்தது. மானாவாரியாக ஆடிப்பட்டத்தில் விதைக்கும் கடலை மூன்றரைத் திங்களில் முற்றி, ஐப்பசியில் பறிப்பிற்கு வருகிறது. முற்றும் பருவத்தில் வறட்சி நேர்ந்தால் காயின் ஓடு வெடித்து, மண்ணிலுள்ள பூஞ்சை உட்புகும். பறிக்கும் பருவத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பிடுங்கிய செடி உலர்வதில்லை. மார்கழிப்பட்டத்து இறவைக் கடலை பங்குனி, சித்திரை வெயிலில் உலர்வதால் அதற்கு இவ்விடர் குறைவு. ஓட்டை எளிதில் உடைப்பதற்காகக் காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கமும் பூஞ்சைக்கு இடமளிக்கிறது. காயை 8 விழுக்காட்டு ஈரத்திற்கு உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில், தரையில் படாமல் அடுக்கிவைத்தால் பூஞ்சை வளராது. குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடி ஒலிப்பது காய்ந்ததற்கு உழவர் அறிந்த அடையாளம்.

நஞ்சு உருவானபின் வறுப்பதாலோ அவிப்பதாலோ அது முழுமையாக அழிவதில்லை. ஆதலின் சுருங்கியதும் நிறம் மாறியதும் கசப்பதுமான பருப்பைப் பொறுக்கி நீக்குவதே வீட்டளவில் இயன்ற காப்பாகும். ஆனால் சந்தையில் நிகழ்வது பெரும்பாலும் இதற்கு மாறானது. தரமான பருப்பு விலைக்குச் செல்கிறது. பொக்கும் சொத்தையும் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன அல்லது விளைவித்தவர் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. உழைப்பவரின் தட்டிற்கு நஞ்சு மிகுந்த பங்கு வந்து சேரும் இந்நிலை, உணவுத் தேர்வு என்பது தனிமனித விருப்பத்தால் மட்டும் அமைவதன்று என்பதைக் காட்டுகிறது.

மரச்செக்கு எண்ணெய் குறித்தும் இங்குத் தெளிவு தேவைப்படுகிறது. ஆலைகளில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது எண்ணெயிலுள்ள அஃப்ளடாக்சின் பெரிதும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு அத்தகைய நிலை இல்லை. நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கினாலும் ஒரு பகுதி எண்ணெயோடு வரக்கூடும். எனவே செக்கெண்ணெயின் நன்மை செக்கைப் பொறுத்ததன்று. செக்கில் இடும் பருப்பைப் பொறுத்தது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை உண்ணும் கறவை மாட்டின் பாலிலும் இந்நஞ்சின் ஒரு வடிவம் வெளிப்படுகிறது. களத்துமேட்டில் தொடங்கும் ஒரு கவனக்குறைவு குழந்தையின் பாற்கிண்ணம் வரை தொடர்வதை இது புலப்படுத்துகிறது.

உப்பும் இரைப்பையும்

சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பேணப்பட்டு வருகிறது. அதன் தொடக்ககாலப் பதிவுகளில் ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோய் முன்னிலை வகித்தது. இரைப்பைப் புற்றிற்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் முதன்மைக் காரணம்; பன்னாட்டு முகமை இதனை 1994இல் முதல் வகையில் சேர்த்தது. மிகுந்த உப்பு இரைப்பையின் காப்புப் படலத்தை அரித்து அந்நுண்ணுயிரின் வேலையை எளிதாக்குகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவை கூழுக்கும் பழைய சோற்றுக்கும் துணையாக வரும்போது இவ்வளவு எளிதில் கடந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். சீன முறையில் பதப்படுத்திய உப்பு மீன் மூக்குத் தொண்டைப் புற்றுநோயோடு தொடர்புடையதாக முதல் வகையில் இடம்பெற்றுள்ளது. அதனை எடுத்து மரக்காணத்துக் கருவாட்டின் மேல் ஏற்றிக் கூறுவது ஆய்வு நெறியாகாது. கருவாட்டைப் பொறுத்தவரை அறிவுறுத்தத்தக்கது அதன் உப்பின் அளவே. உண்பதற்கு முன் நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசும் வீட்டு வழக்கம் உப்பின் ஒரு பகுதியை நீக்கிவிடுகிறது.

மாறிவரும் தட்டும் உழைப்பும்

கேழ்வரகு, கம்பு, வரகு ஆகியவை புன்செய் நில மக்களின் உணவாக இருந்தன. தீட்டிய அரிசி அவ்விடத்தைப் பெற்றபோது உணவின் நார்ச்சத்து குறைந்தது. முழுத்தானியமும் நார்ச்சத்தும் பெருங்குடல் புற்றுநோய் இடரைக் குறைப்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. நார்ச்சத்து குடலின் நுண்ணுயிர்களால் செரிக்கப்பட்டு, குடலணுக்களைக் காக்கும் கொழுப்பமிலங்களாக மாறுகிறது. கழிவு குடலில் தங்கும் நேரமும் குறைகிறது.

தட்டு மாறிய அதே காலத்தில் உழைப்பும் மாறியது. ஏற்றமும் கலப்பையும் இருந்த இடத்தில் மின்னேற்றியும் டிராக்டரும் வந்தன. பழைய அளவுச் சோறு புதிய அளவு உழைப்பிற்கு மிகையாயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 2015–16இல் 30.9 விழுக்காடாக இருந்த மிகை எடையுடைய பெண்களின் பங்கு 2019–21இல் 40.4 விழுக்காடாயிற்று, ஆண்களிடம் அது 28.2இலிருந்து 37.0 விழுக்காடாக உயர்ந்தது. மார்பகம், கருப்பை அகப்படலம், பெருங்குடல், கல்லீரல் உள்ளிட்ட 13 வகைப் புற்றுநோய்களுக்கு உடற்பருமன் காரணமாவதைப் பன்னாட்டு முகமை 2016இல் உறுதிசெய்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோசனைச் சுரப்பதால் மார்பகப் புற்று இடர் கூடுகிறது. சென்னையில் முன்பு கருப்பை வாய்ப் புற்றுநோய் பெற்றிருந்த முதலிடத்தை இப்போது மார்பகப் புற்றுநோய் பெற்றிருப்பதற்குப் பிள்ளைப்பேற்றில் நேர்ந்த மாற்றங்களோடு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

மதுவைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். அது உடலில் அசிட்டால்டிகைடாக மாறி மரபுப்பொருளைச் சிதைக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழல், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகியவற்றில் புற்றுக்குக் காரணமாகிறது. புகையிலையோடு சேரும்போது இரண்டின் தீங்கும் கூட்டலாக அமையாமல் பெருக்கலாக அமைகிறது.

உணவா, மாத்திரையா?

காய்கறி உண்பவரிடம் புற்றுநோய் குறைவு என்றால், அக்காய்கறியின் சத்தைப் பிரித்துக் கொடுத்தால் போதாதா என்ற வினா எழுந்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் இது சோதிக்கப்பட்டது. 1994இல் முடிவு வெளியானபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. காக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பொருள் தனித்து நின்றபோது தீங்காயிற்று. முருங்கைக்கீரையில் உள்ளது ஒரு சேர்மம் அன்று. பல சேர்மங்களின் கூட்டு. மஞ்சளின் குர்குமின் ஆய்வகக் குடுவையில் புற்றணுக்களைத் தடுப்பது உண்மை. உண்ணும்போது மிகச் சிறு பகுதியே குருதியில் கலப்பதால், அக்குடுவை முடிவு மனிதரிடம் அப்படியே நிகழ்வதில்லை. சமையலில் மஞ்சள் சேர்ப்பது நன்று; அதனைப் புற்றுநோய் மருந்தாக விற்பது வேறு.

உணவின் எல்லை

வாழ்க்கைமுறை அனைத்துப் புற்றுநோய்களையும் விளக்குவதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் பாப்பிலோமா நச்சுயிரித் தொற்றால் வருவது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேரைக் கொண்ட பரிசோதனைக் குழுவில், அசிட்டிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய முறை வழங்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவைவிட அக்குழுவில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய பயனை எந்த உணவுமுறையாலும் இந்நோயில் பெற இயலாது.

நோய் உறுதியான பின்னர் உணவின் பணி மாறிவிடுகிறது. அப்போது அது சிகிச்சையைத் தாங்கும் வலிமையைத் தருவது, சிகிச்சைக்கு ஈடாவதன்று. குணப்படுத்தத்தக்க புற்றுநோயில் மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களின் இறப்பு இடர் 2.5 மடங்காக இருந்ததை 2018இல் அச்சான அமெரிக்க ஆய்வு கண்டது. முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தார். அந்நோய் தொடக்கத்தில் சீதபேதியெனத் தவறாகக் கருதப்பட்டது. அவ்விழப்பே 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கு வித்தாயிற்று. காலந்தாழ்த்திய கண்டறிதலே அன்றும் இன்றும் உயிரைக் கொள்வது. இன்று விழுப்புரம் வட்டாரத்தார்க்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி சிப்மரும் எட்டும் தொலைவில் உள்ளன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. விழுப்புரம் வட்டாரத்தில் தடுக்கக்கூடிய புற்றுநோய் இடர்களுள் புகையிலையே முதலிடம் பெறுகிறது. பெண்களின் மெல்லும் புகையிலைக்கும் தடுப்புப் பணிகளில் இடமளித்தல் வேண்டும்.

2. நிலக்கடலை நல்லுணவு. அதன் நன்மை உலர்த்தும் களத்திலும் சேமிக்கும் அறையிலும் காக்கப்பட வேண்டியது. மழைக்காலப் பறிப்பிற்கு உலர்களங்களும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஈரத்தை அளக்கும் வசதியும் மருத்துவமனைக்கு நிகரான புற்றுநோய்த் தடுப்புப் பணிகளாகும்.

3. சிறுதானியம், கீரை, பயறு, அளவான உப்பு, உடலுழைப்பு ஆகியவை இடரைக் குறைக்கின்றன. நோய் வராது என்ற உறுதியைத் தருவதில்லை. ஆகவே நோயுற்றவரின் உணவைச் சுட்டிப் பழித்தல் அறிவியலுக்கும் அறத்திற்கும் பொருந்தாது.

4. உணவுக் கட்டுப்பாடு பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ மாற்றாகாது. ஆறாத வாய்ப்புண், மார்பகக் கட்டி, காரணமற்ற குருதிப்போக்கு ஆகியவற்றிற்கு உடனடியாக மருத்துவரை நாடுதலே முறையாகும்.

கால் நூற்றாண்டுக்கு முன் இம்மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான வீடுகளில், இறந்தவரின் இறுதி நாள்களைக் குடும்பத்தார் களப்பணியாளரிடம் எடுத்துரைத்தனர். அவ்வாய்மொழிகளே புகையிலையின் தீங்கை உலகிற்கு உணர்த்தும் சான்றாக மாறின. அச்சான்றின் பயன் அதனை வழங்கிய ஊர்களுக்குத் திரும்ப வந்து சேர்வதே இனி ஆற்ற வேண்டிய பணியாகும்.